கல்மாவுக் கொட்டகையின் ஜன்னல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

என் பிள்ளைக்கு,

மதுரையிலிருந்து நீ அனுப்பிய நிலப் பத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. எந்தெந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீயே பென்சிலால் குறி வைத்திருந்தாய். அம்மாவுக்குக் கண் மங்கி வருகிறதே என்ற கரிசனத்தில் செய்திருப்பாய். ஆனால் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து உன் வருங்கால மாமனார் ஆள் அனுப்பி ஒரு தடவை விசாரித்துவிட்டார். தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் ஏன் முரண்டு பிடிக்கிறாள் என்று அந்த வீட்டில் பேச்சு நடக்கும். நடக்கட்டும். அவர்களுக்குக் காரணம் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நான் அழுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்துவாய், சமாதானம் ஆன கையோடு விஷயம் விட்டுப்போகும். உங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான் எல்லாம் விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியிருப்பதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. கரட்டடியில் என் தகப்பனார் எனக்கு எழுதிவைத்த நிலம் சும்மா கிடக்கிறது. அதில் பழைய கல்மாவுக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் வரப்போகிறது, மாமனார் மிஷின் வாங்கித் தருகிறார். வெள்ளைக்கல்லை அரைத்துக் கோலமாவுக்கும் பாத்திரம் துலக்கும் பொடிக்கும் பல்பொடிக் கம்பெனிக்கும் அனுப்பலாம் என்கிறாய். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் ஒன்று எழுதினாய் பார், “பேச்சி என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவள் மகள் முத்துவுக்குத்தான் மில்லில் முதல் வேலை, அப்படியாவது அந்தக் கடன் தீரட்டும்” என்று. அதைப் படித்ததும் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

அந்தக் கொட்டகை எப்படி வந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. நீ அப்போது சின்னப் பிள்ளை. உங்கள் அப்பா ரோட்டுக்குச் சரளை அடிக்கிற காண்ட்ராக்ட் எடுத்து, ராஜபாளையம் போகிற பாதையில் நம் கரட்டுப் பாறையை வெட்டிக்கொண்டிருந்தார். கரிய கல்லுக்கு நடுவே நரம்பு ஓடுகிற மாதிரி வெங்கச்சங்கல் ஓடும். பால் போல வெளுத்த கல். ரோட்டுக்கு உதவாது என்று ஓவர்சியர் அதைக் கழித்துவிடுவார். குவியல் குவியலாகக் கிடந்தது. எனக்கோ எதையும் வீணாக விட மனம் வராது. வடித்த கஞ்சியையும் விடமாட்டேன், மளிகை கட்டிவந்த காகிதத்தையும் விடமாட்டேன். அந்தக் காகிதங்களை வைத்துத்தான் நான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். வீட்டுச் செலவை நான் எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த வீடு கடன் இல்லாமல் நின்றது என்று உங்கள் அப்பா ஊர் முழுக்கச் சொல்லுவார். அந்தப் பெருமைதான் என் தலைக்கு ஏறியது.

அந்த வருஷம் மழை பொய்த்து அரிசி விலை ஏறியிருந்தது. நம் வீட்டில் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவது. வாசலில் அரிசியை இறைக்கும்போது அடுத்த தெருவில் பிள்ளைகள் பசியோடு நிற்பதைப் பார்த்து எனக்குக் கூசியது. கல்லை இடித்து மாவாக்கினால் அரிசி மிஞ்சுமே என்று தோன்றியது. உங்கள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஏட்டி, நான் ரோடு போடக் கல்லு உடைக்கேன், நீ கோலம் போடக் கல்லு உடைக்கப் போறியா?”

“சும்மா கெடக்குற கல்லுதான. முதச் சலிப்பு நாச்சியாருக்கு. தேரோடுற தெருவெல்லாம் நம்ம மாவுல கோலம் போடட்டும். பொறவு மிஞ்சுனா விப்போம்.”

“சாமிய முன்னால நிறுத்திட்டா உங்கிட்ட யாரு பேச முடியும்?” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நான் செய்தது அதுவேதான். சாமியை முன்னால் நிறுத்திவிட்டேன், அதற்கப்புறம் என்னிடம் யாரும் பேச முடியவில்லை.

முதலில் வேலை புளியமரத்தடியில் நடந்தது. வெள்ளைக்கல்லைச் சுள்ளி அடுக்கிச் சுட்டு உடைத்து, பெண்கள் கல்லுரலில் போட்டு இரும்புப் பூண் உலக்கையால் இடிப்பார்கள். பிறகு மெல்லிய துணியில் சலிப்பார்கள். பேச்சிதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. சுந்தரபாண்டியத்தில் பிறந்து நம் ஊருக்கு வாக்கப்பட்டவள். அவள் புருஷன் கொழும்புத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. கைக்குழந்தை முத்துவை மரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு உலக்கையைப் பிடிப்பாள். வாய்த்துடுக்கு அதிகம். அவள் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் இல்லாமல் இராது.

ஆடி வந்தது. மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேருக்குத்தான் மாவு அதிகம் வேண்டும், அந்த மாதத்தில்தான் காற்றும். சலிக்கச் சலிக்க மாவு புகையாய்ப் பறந்தது. நைசான மாவுதான் முதலில் பறக்கும், நைசான மாவுக்குத்தான் விலை. காலையில் அளந்து கொடுத்த கல்லுக்கும் மாலையில் வந்த மாவுக்கும் பொருந்தவில்லை. நான் உங்கள் அப்பாவை நச்சரித்து ஓட்டுக் கொட்டகை போடவைத்தேன். அவர் காற்றோட்டத்துக்கு என்று ஜன்னல்கள் வைத்துக் கட்டினார். அடுத்த ஆடியில் நான் ஆளை விட்டு அந்த ஜன்னல்களை மண் வைத்துப் பூசினேன், வாசலில் சாக்குப் படுதா தொங்கவிட்டேன். மாவு ஒரு சிட்டிகை வெளியே போகவில்லை. எனக்கு ஒரே திருப்தி.

“என்ன தாயி, கோழிய அடைக்க மாதிரி எங்கள அடைச்சிப்புட்டீக?” என்றாள் பேச்சி.

“கோழி முட்டை போடும்ட்டி, நீ மாவு இடி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிக்காமல் ஒன்று கேட்டாள். “கொஞ்சூண்டு தண்ணி தெளிச்சுகிட்டு இடிச்சா மூக்குல ஏறாது தாயி. தெளிச்சுக்கிடவா?”

“ஈர மாவு விரல்ல இழையாது. கட்டி கட்டியா விழும். நாச்சியார் தெருவுல கட்டிக் கோலமா போடச் சொல்லுத?”

நாச்சியார் பெயரைச் சொன்னதும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பேன். தொண்டையில் ஒட்டிய தூசியைக் கருப்பட்டி இறக்கிவிடும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். யாரும் கேட்காமலே கொடுக்கிறேனே, என்னைப் போல யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பேச்சி படுதாவை விலக்கிக்கொண்டு தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெளுத்து வெளியே வருவாள். நீ “வெள்ளப் பேயி! வெள்ளப் பேயி!” என்று கத்திக்கொண்டு ஓடுவாய். அவள் கையை விரித்துக்கொண்டு உன்னைத் துரத்திப் பிடித்து இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். உன் சட்டையெல்லாம் மாவாகிவிடும். வெளுக்கிற வேலை கூடுகிறதே என்று நான் கத்துவேன். அவள் ஓடி வந்து பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சட்டையைத்தான் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். இரண்டையும் பார்த்தேன்.

கரட்டடி ஊருணியும் அப்படித்தான். வெடி வைக்கத் தொடங்கியதும் கரட்டில் இருந்த சுனை நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் கல்மாவுக் குவியலைக் கரைத்துக்கொண்டு ஊருணிக்குள் இறங்கி, தண்ணீர் வெள்ளையாக நின்றது. மாடு வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. பேச்சி ஒரு நாள் குடத்தோடு வந்து நின்றாள். “தாயி, ஊருணியப் பாக்கடலா ஆக்கிட்டீக. பெருமாள் எப்ப வந்து படுப்பாரு? அவரு வந்துட்டார்னா நாங்க வேற தண்ணிக்கு எங்க போறது?” நான் நம் வீட்டுக் கிணற்றில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதையும் தர்மமாக நினைத்துக்கொண்டேன். பிறத்தியார் தண்ணீரைக் கெடுத்துவிட்டு நம் தண்ணீரில் ஒரு குடம் கொடுப்பதற்குப் பெயர் தர்மம் இல்லையப்பா.

இருமல் எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை. ஒருத்தி இருமிக்கொண்டே நின்றுபோனாள், அவள் இடத்துக்கு வேறொருத்தியை வைத்தேன். பிறகு இன்னொருத்தி. இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெம்பு இல்லை, காப்பித் தண்ணீரைக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் பேசினேன். ஆனால் வெளியே வெயிலில் கல் பொறுக்கிக் கூடையில் சுமக்கிறவர்கள் இருமவில்லை. படுதாவுக்கு உள்ளே இருந்தவர்கள்தான் இருமினார்கள். எண்ணெய் எந்தக் குடத்தில் ஒழுகுகிறது என்று தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கிறவள் நான். இது எனக்குத் தெரியாமலா இருக்கும்? உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது.

“அந்த ஜன்னலைத்தான் கொஞ்சம் திறந்து விடேன்” என்றார் ஒரு தடவை.

“மாவு பறந்தா அத யார் கணக்குல எழுத?”

“நீ காத்துக்கும் கணக்கெழுதுற ஆளுட்டி” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பது நல்ல குடித்தனம் என்று எல்லோரும் உனக்குக் கல்யாணத்தில் ஆசீர்வாதம் பண்ணுவார்கள். அவர் அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் ஒரு கடப்பாரையால் அந்த மண்ணை இடித்துத் தள்ளியிருக்கலாம். நீ கட்டிக்கொள்ளப்போகிறவள் தப்பு செய்தால் சிரித்துவிட்டு எழுந்து போகாதே. நீ தப்பு செய்தால் அவளையும் அப்படி எழுந்து போக விடாதே.

நீ மதுரையில் காலேஜில் சேர்ந்த சமயம் பேச்சி படுத்துவிட்டாள். உட்கார்ந்தால் மூச்சு, எழுந்தால் மூச்சு. உள்ளூர் வைத்தியர் லேகியம் கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. நான் வண்டி பூட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா ஒருத்தர், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டவர், அவள் முதுகில் குழாய் வைத்து நேரம் எடுத்துக் கேட்டார். கோழையைச் சோதிக்க அனுப்பினார். இரண்டாம் தடவை போனபோது பேச்சியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“இவங்க என்ன வேலை பார்க்காங்க?”

சொன்னேன்.

“எங்க வச்சு?”

அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இது காசம் இல்லம்மா. கோழையில அந்தக் கிருமி இல்ல. கல்லுத் தூசி நெஞ்சுக்குள்ள போயி உக்காந்திருக்கு. போனது வெளிய வராது. நான் மருந்து தாரேன், இருமலுக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும், அம்புட்டுதான். இது யாருக்கும் ஒட்டாது. வீட்டுல பிள்ள இருக்குன்னு சொன்னாங்க, பயப்படாம பக்கத்துலயே படுக்கப் போட்டுக்கலாம். மத்த பொம்பளைங்கள உள்ள விடாதீங்க. முதல்ல அத நிறுத்துங்க.”

சரி என்று தலையாட்டினேன். வண்டியில் வரும்போது பேச்சி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஆடிப்பூரத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. மதுரை வரைக்கும் மாவுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். உங்கள் அப்பாவின் ரோட்டுக் காண்ட்ராக்ட் கைவிட்டுப்போய், கொட்டகைதான் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. உன் படிப்பும் அதில்தான். அதற்காக நீ உன்னை நொந்துகொள்ளாதே. நீ கேட்டு நான் செய்ததில்லை. உன் பெயரை எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் பேச்சியின் அண்ணன் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து காத்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது இதுதான். “காசமா தாயி? ஒட்டுமா? எங்க வீட்டுல சின்னஞ்சிறுசுக இருக்கு.”

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். ‘இல்லை’ என்றால் அடுத்தபடியாகப் ‘பின்னே என்ன?’ என்று கேட்பான். அதற்குப் பதில் கரட்டடியில் மண் பூசி நிற்கிறது. உள்ளே இடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாம் உலக்கையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “எதுக்கும் தள்ளியே வச்சுக்கிடுங்க” என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாத சொல்லாகப் பார்த்து எடுத்திருக்கிறேன் பார். காசம் என்று நான் சொல்லவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சியைச் சுந்தரபாண்டியத்துக்குக் கொண்டுபோய், வீட்டுக்குள் வைக்காமல், தோட்டத்துக் கடைசியில் ஒரு ஓலைக் குடிசை போட்டு வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் செம்பு. கஞ்சியைத் தூர வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். முத்து அப்போது விவரம் தெரிந்த பெண். அம்மாவிடம் ஓடினால் மாமன் முதுகில் ஒன்று வைப்பானாம். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பேசுவாளாம். நான் ஒரு தடவை ஆரஞ்சுப் பழமும் பாலும் எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் பேச்சி குடிசைக்குள்ளிருந்து கையைக் காட்டினாள்.

“அங்கனயே நில்லுங்க தாயி. கிட்ட வராதீக. உங்களுக்கும் ஒட்டிரும். தம்பி படிக்கான்ல, உங்களுக்கு ஒண்ணுன்னா அவன் என்ன செய்வான்?”

நான் அங்கேயே நின்றேன். ஒட்டாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான். நாலு எட்டு வைத்துப் போய் அவள் கையைப் பிடித்திருந்தால் போதும், சுற்றி நின்றவர்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பழத்தை வேலியோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறு ஆடி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறமும் கொட்டகை ஓடியது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஏன் திறந்தாய் என்று கேட்பார்களே என்று அதையும் திறக்கவில்லை. கடைசியில் நான் மனம் மாறியதால் அது மூடப்படவில்லை. “அந்தக் கொட்டகையில காசம் இருக்கு” என்று பேச்சு பரவி, ஆள் வருவது நின்றுபோனது. கொட்டகையைக் காப்பாற்றச் சொன்ன சொல்லே அதைக் காலி பண்ணிவிட்டது. நீ அடுத்த லீவுக்கு வந்தபோது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, மேற்பார்க்க ஆள் இல்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய்.

இத்தனை வருஷமாக நான் நாச்சியார் சன்னதியில் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். எதற்கு என்று பட்டருக்கும் தெரியாது. புரட்டாசிச் சனிக்கிழமை நம் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாள் கோயில் படி ஏறினேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மாள் விசிறினாள், “பெருமாள் பேரைச் சொல்லிக்கிட்டே ஏறுங்க, தெரியாது” என்றாள். எனக்குப் பெருமாள் பேர் வாயில் வரவில்லை. நான் செத்த நேரம் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு திரும்பிவிடும். சமதரையில் படுத்திருந்த ஒருத்திக்கு அது திரும்பவே இல்லையே என்ற நினைப்புத்தான் வந்தது. தெய்வத்தின் பெயரால் செய்ததைத் தெய்வத்துக்கு விளக்குப் போட்டுக் கழித்துவிட முடியாது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வேறு. அது எனக்கு அந்தப் படியில்தான் உறைத்தது.

மிஷின்தான் அரைக்கப்போகிறது, மனுஷர் இடிக்கப்போவதில்லை, அதனால் கஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கடுதாசி வந்த பிறகு நான் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். சம்பந்தி வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே ரோட்டுக்கல் உடைக்கிற கிரஷர் ஒன்று ஓடுகிறதே, அதைப் பார்க்கப் போனேன். பக்கத்து வேப்பமரத்தில் ஒரு இலைகூடப் பச்சையாக இல்லை. வாயைத் துண்டால் கட்டிய ஒரு ஆள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தான். இமையெல்லாம் சாம்பல் நிறம். என்னைப் பார்த்துத் துண்டை இறக்கினான்.

“என்ன ஆச்சி, வேலைக்கா வந்திருக்கீக?”

“பாக்க வந்தேன்யா. இவ்வளவு தூசியில எப்படி நிக்கிற?”

“மாமியா வீட்டுக்குப் போனா, மாப்பிள்ளை பவுடர் போட்டுட்டு வாராருன்னு சொல்லுதாக. ஓசிப் பவுடரு ஆச்சி, வேண்டாம்னா சொல்ல முடியும்?” சிரித்தவன் அப்படியே இருமத் தொடங்கினான். அந்த இருமலை எனக்குத் தெரியும். அடியிலிருந்து வறட்டு வறட்டென்று வரும், ஒன்றையும் வெளியே கொண்டுவராது. அது திறந்த வெளி, வெறும் கருங்கல். நீ அரைக்கப்போவது வெள்ளைக்கல், நான்கு சுவருக்குள், அதுவும் நைசாக. மிஷினுக்கு நெஞ்சு கிடையாது. அதன் வாயில் கல்லைப் போடவும் மாவைச் சாக்கில் அள்ளவும் ஒருத்தி நிற்க வேண்டுமே, அவளுக்கு இருக்கிறது. மாவு பறக்கிறது என்று ஒரு நாள் நீயும் ஜன்னலைப் பார்ப்பாய். நீ என் பிள்ளை. எனக்கு அந்தப் பயம்தான்.

போன வாரம் முத்து வந்தாள். நீ மில் போடப்போவது சுந்தரபாண்டியம் வரை எட்டிவிட்டது. அவளுக்கு இப்போது ஒரு கைக்குழந்தை. புருஷனுக்கு அறுப்புக் காலத்தில் மட்டும்தான் வேலை. முகம் அப்படியே பேச்சி. வாசலில் நின்றுகொண்டே, “சின்னவரு மில்லு போடுதாராம்ல ஆச்சி. எனக்கும் ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லுங்க. எங்கம்மா பாத்த வேலதான, எனக்கும் வரும்” என்றாள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன், தண்ணீர் தெளிக்க விடாததைச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதை அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னேன். அவள் மாமனிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் மடியில் கிடந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்போ நான் அம்மா பக்கத்துல படுத்திருக்கலாமா ஆச்சி?”

படுத்திருக்கலாம் என்று சொன்னேன்.

அவள் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே தெருமுனை வரை போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே மறுபடி வந்தாள். இந்தத் தடவை உள்ளே வரவில்லை. நான் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை. “நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். எங்க மாமாட்டயும் சொல்லிட்டேன். அது இருக்கட்டும். மில்லு வருமா, வராதா? அதச் சொல்லுங்க” என்றாள். வராது என்றேன். “உங்க மனசு சுத்தமாகணும்னு எங்க அடுப்ப அணைக்கீக” என்றாள். நான் வேறு ஏதாவது செய்து தருகிறேன் என்று தொடங்கினேன். “எங்கம்மாக்குக் கருப்பட்டி கொடுத்தீகளே, அது மாதிரியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வாய் பேச்சியின் வாய். நியாயம் அவள் பக்கம்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. கரட்டடி நிலத்தில் கல் அரைக்க நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். மாமனார் வீட்டில் இந்தக் காரணத்தை அப்படியே சொல், என்னைக் காப்பாற்ற வேண்டாம். அதனால் கல்யாணம் நின்றால் பழி என்மேல் இருக்கட்டும். நிற்காது என்றுதான் நினைக்கிறேன். பெண் முகத்தில் நிதானம் இருக்கிறது. நீ படித்தவன், நாலு இடம் பார்த்தவன், பிழைக்க உனக்கு வேறு வழி கிடைக்கும்.

என்மேல் கோபம் வந்தால் வா. வந்து கேள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே இங்கே வராதே. முதலில் சுந்தரபாண்டியம் போ. முத்துவை அவள் வீட்டில் போய்ப் பார். மில் இல்லை என்பதை நீயும் ஒரு தடவை உன் வாயால் சொல். ஏன் இல்லை என்பதை அவளுக்கு நான் சொல்லியாகிவிட்டது, அதை நீ திரும்பச் சொல்ல வேண்டாம். ‘பொறவு நான் எப்படிச் சாப்பிடுவேன்?’ என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் நீ அந்த வீட்டை விட்டு எழுந்து வராதே.

உன் அம்மா.